முதலில் ஹாலைப் பிள்ளைக்குக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆசிரியரிடம் முறைப்படி யோகா கற்கிறேன். எனக்கு இது உடற்பயிற்சி அல்ல, வாழ்க்கை முறை. காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை ஆசனம், பிராணாயாமம், தியானம். காபி, வெங்காயம், பூண்டு எல்லாம் விட்டுவிட்டேன். சர்க்கரை குறைந்திருக்கிறது, கோபமும் குறைந்திருக்கிறது. உள் அறையில் மனைவியும் சின்ன மகளும் தூங்குவதால் ஹாலில்தான் பயிற்சி. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் சத்தம் போட்டுப் படிப்பவன் என்பதால் அந்த நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பான், அவனுக்கும் பழகிவிட்டது. ஆனால் மனைவி, 'உங்க யோகா உங்களுக்கு மட்டும்தான்' என்று குத்திக் காட்டுகிறாள். குடும்பத்தையும் இந்த வழிக்குக் கொண்டுவருவது எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, உங்கள் மனைவியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பையன்.

'அவனுக்கும் பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, அவன் சொன்னானா? கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதைத்தான் அப்பாக்கள் 'பழகிவிட்டது' என்று எழுதுகிறார்கள். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. மார்கழிக் குளிரிலும் அங்கேதான் படித்தானா? கொசு கடிக்கவில்லையா? புத்தகம் தெரியும் அளவுக்குப் படியில் வெளிச்சம் இருக்கிறதா? ஒரு நாளாவது எழுந்து போய்ப் பார்த்தீர்களா? பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளை வாசலுக்கு வெளியே, அப்பா உள்ளே தியானத்தில். இதை வாழ்க்கை முறை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களை உங்கள் ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். ஆசனம் அதில் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. நீங்கள் நேராக மூன்றாவதில் ஏறிவிட்டீர்கள். முதலாவது இயமம், அதாவது நடத்தை ஒழுக்கம்: அகிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காத அபரிக்கிரகம். அஸ்தேயம் என்பது பிறருக்கு உரியதை எடுக்காமலிருப்பது. அந்த ஹாலும் விளக்கும் அதிகாலை நேரமும் இந்த வருடம் உங்கள் மகனுக்கு உரியவை. அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நம் திருமூலர் இயமத்தில் நிற்பவனுக்குச் சொன்ன குணங்களில் பகிர்ந்து உண்பதும் ஒன்று. சோற்றைப் பகிரச் சொன்னவர் இடத்தைப் பகிர வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?

யோகத்தில் முழுதாக இறங்கினால் குடும்பம் கொஞ்சம் ஒதுங்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கிருஷ்ணமாச்சாரியாரை நினைத்துப் பாருங்கள். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்தவர். பிறகு சென்னைக்கு வந்து, 1989இல் நூறு வயதில் மறையும்வரை கற்பித்துக்கொண்டிருந்தவர். இமயமலைப் பக்கம் பல வருடம் குருவிடம் பயின்ற அவரிடம் அந்தக் குரு கேட்ட தட்சிணை என்ன தெரியுமா? ஊருக்குத் திரும்பிப் போ, கல்யாணம் செய்துகொள், பிள்ளைகளை வளர், யோகத்தைக் கற்றுக்கொடு. அவர் மரபில் அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். அவரும் இல்லறத்தில் இருந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டேதான் அத்தனையும் செய்தார். அந்த வழியில் பயிற்சி ஆளுக்கும் வயதுக்கும் தகுந்தபடி மாறும். வளரும் பிள்ளைக்கு ஆசனங்கள் நிறைய. வேலையும் குடும்பமும் உள்ள உங்கள் வயதுக்காரருக்கு, இருக்கிற நேரத்துக்குள் உடம்பைக் காத்துக்கொள்ளும் அளவு. நீண்ட தியானமெல்லாம் முதுமையில் நிதானமாக வரட்டும். பிள்ளைகள் வளரும் காலத்தில் குடும்பஸ்தனுக்கு முதல் கடமை அவர்கள்தான். இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

நாளையிலிருந்து ஹால் மகனுக்கு. தேர்வு முடியும்வரை அவன் எவ்வளவு சத்தம் போட்டு வேண்டுமானாலும் படிக்கட்டும். பிராணாயாமமும் தியானமும் செய்ய நீங்கள் மொட்டை மாடிக்குப் போங்கள். ஆசனத்தை மாலையில், மதியச் சாப்பாடு நன்றாகச் செரித்த பிறகு, அரை மணி நேரம் செய்தால் போதும். மகனுடைய பாடச் சத்தத்தில் மனம் கலைகிறது என்றால், அங்கேதான் உங்களுக்குப் பயிற்சி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

மனைவி குத்திக் காட்டவில்லை, தம்பி. விடிவதற்குள் பெற்ற பிள்ளை புத்தகத்தோடு வெளியே போவதைத் தினமும் பார்க்கிற தாய், உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவரையும் பிள்ளைகளையும் உங்கள் வழிக்குக் கொண்டுவரும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் உங்கள் தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த பிறகு மகன் தானாகக் கேட்டால் சூரிய நமஸ்காரம் சொல்லிக் கொடுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இன்று இரவே அவனைக் கூப்பிட்டு, இத்தனை நாள் வெளியே உட்கார வைத்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.