புரோட்டோகால் அதிகாரி ஆக எந்தத் தேர்வு?

வணக்கம். பி.காம். முடித்து 27 வயதாகிறது, புரோட்டோகால் அதிகாரியாக எந்தத் தேர்வு எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். தனித் தேர்வு கிடையாது. வெளிநாட்டுத் தலைவர்கள், தூதர்களுக்கான வரவேற்பு, மரியாதை முறைகளைக் கவனிப்பதுதான் புரோட்டோகால். வெளியுறவு அமைச்சகத்தில் அந்தப் பிரிவை நடத்துவது ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரிகள், அதற்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான் வழி. மத்திய அரசு வேலைக்கான பட்டதாரி நிலைத் தேர்வான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எழுதி அங்கே உதவிப் பிரிவு அலுவலராகவும் சேரலாம். ஆனால் எந்தப் பிரிவில் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை.

வேலை ரொம்ப நுணுக்கமானது. ஒரே நிலையில் உள்ள தூதர்களில் யார் முன்னால் என்பதை நாட்டின் பலம் தீர்மானிக்காது. பொறுப்பேற்ற தேதியும் நேரமும்தான் கணக்கு. நாடுகளுக்கு இடையிலான தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் விதி அது. கொடியில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் இந்தோனேசியா. தலைகீழாகக் கட்டிவிட்டால் அது போலந்து! இந்த மாதிரி வேலை பிடிக்கும் என்றால் தைரியமாக இறங்குங்கள். வயது வரம்பு நெருங்குவதால் இரண்டு தேர்வுக்கும் சேர்த்தே படியுங்கள்.