நிலநடுக்கமும் புயலும் வராத நாடு என்கிறார்களே, சிங்கப்பூரில் இயற்கைப் பேரிடருக்கு உண்மையில் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறீர்கள், பதினெட்டாம் மாடியில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறீர்கள், "இங்கே நிலநடுக்கம், சுனாமி, புயல் எதுவும் வராது" என்று வீட்டு முகவர் சொன்னதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நம்பலாம். ஆனால் நாட்டின் பெயரை மட்டும் வைத்துக் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்தத் தெரு, அடியில் என்ன மண், எத்தனையாவது மாடி என்று கேட்டால்தான் மீதி தெரியும்.

முதலில் நிலநடுக்கம். சிங்கப்பூருக்கு அடியில் நிலநடுக்கத்தை உண்டாக்கும் பிளவு எதுவும் அறியப்படவில்லை. ஆபத்தின் பிறப்பிடம் பக்கத்துச் சுமத்ரா. அந்தத் தீவின் நீளத்துக்கும் ஒரு பிளவு ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து சுமார் 400 கி.மீ. அதற்கும் மேற்கே, கடலுக்கடியில், ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழ் புகுகிற இடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கிளப்பியது அந்தக் கோட்டின் வடபகுதிதான். அதே கோட்டில், மெந்தாவாய் தீவுகளை ஒட்டிய பகுதி 1797-லும் 1833-லும் பெரிதாக உடைந்தது. அங்குள்ள பவளப் பாறைகளில் இது பதிவாகியிருக்கிறது. நிலம் மேலெழும்பும்போது பவளத்தின் மேல்பகுதி நீருக்கு வெளியே வந்து செத்துவிடும். அதன் வளையங்களை எண்ணினால் ஆண்டு தெரியும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவி ஆய்வகத்தைத் தொடங்கிய கெர்ரி சீ குழுவினர் இப்படித்தான் அந்த வரலாற்றைத் திரட்டினார்கள். 2007-இல் வந்த நிலநடுக்கத்தில் அங்கே சேர்ந்திருந்த அழுத்தத்தின் ஒரு பகுதிதான் தளர்ந்தது. மீதி இன்னும் இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 600 கி.மீ.

இவ்வளவு தூரத்திலிருந்து வருவது என்ன செய்யும்? நிலநடுக்க அலையில் படபடவென்ற வேக அதிர்வும் மெதுவான நீண்ட அசைவும் கலந்திருக்கும். தூரம் போகப் போக வேக அதிர்வு பாறையிலேயே அடங்கிவிடும். ஒரு முறை ஆடி வர ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும் நீண்ட அசைவு மட்டும் நெடுந்தூரம் போகும். கட்டடத்துக்கும் தனக்கென ஒரு ஆட்டம் உண்டு. மாடிக்கு 0.1 விநாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு, அதன்படி 18 மாடிக்கு ஏறக்குறைய 1.8 விநாடி. இரண்டு ஆட்டமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, அசைவு கூடிக்கொண்டே போகும். அதனால்தான் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாத நேரத்தில், மேலே உங்கள் வீட்டில் தொங்குவிளக்கு ஆடும், மீன்தொட்டித் தண்ணீர் விளிம்புவரை வந்து போகும், தலை சுற்றுவதுபோல இருக்கும்.

இதில் மண்ணின் பங்கு பெரியது. புக்கிட் தீமாவில் அடியில் கருங்கல். காலாங், மரினா பக்கம் சாம்பல் நிறக் கடற்களிமண், கையில் எடுத்தால் குழையும், சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் ஆழம். பாறையில் சிறிதாக வரும் அசைவை இந்தக் களிமண் பெரிதாக்கிவிடும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். 8.0 அளவிலான நிலநடுக்கத்தின் மையம் 350 கி.மீ.க்கும் அப்பால். பழைய ஏரிப்படுகைக் களிமண்மேல் நின்ற நடுத்தர உயரக் கட்டடங்கள் விழுந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பாறைமேல் இருந்த பகுதிகளில் பெரிய சேதமில்லை.

சிங்கப்பூருக்கு அந்த அளவு வரும் என்று யாரும் சொல்லவில்லை. தூரம் அதிகம், கட்டுமானமும் ஒழுங்கானது. 2007 மார்ச் 6 அன்று சுமத்ராவின் பாடாங் நகர்ப் பக்கம் 6.4 அளவில் நிலநடுக்கம் வந்தபோது சிங்கப்பூரில் அலுவலகங்களைவிட்டு மக்கள் வெளியேறினார்கள், கட்டடம் எதுவும் விழவில்லை. ஆனாலும் 2015 ஏப்ரல் முதல், மென்மண்மேல் கட்டப்படும் 20 மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களை நில அதிர்வையும் கணக்கில் எடுத்து வடிவமைக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. விதி வந்ததே, ஆபத்து சிறியதானாலும் பூஜ்யம் அல்ல என்பதற்குச் சான்று.

அசைவு தெரிந்தால் மின்தூக்கியில் ஏறாதீர்கள், படிக்கட்டில் ஓடவும் வேண்டாம். கண்ணாடி, அலமாரி இரண்டையும்விட்டு விலகி உறுதியான மேசைக்கடியில் இருங்கள். அசைவு நின்றதும் எரிவாயு வால்வை மூடுங்கள். பிறகு தூண்களைப் பாருங்கள். பூச்சில் மயிரிழைபோல ஓடும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். தூணிலோ உத்தரத்திலோ சாய்வாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கும் வெடிப்பு என்றால் வெளியேறி 995-க்குச் (தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அவசர எண்) சொல்லுங்கள். பெரும்பாலும் காயம்படுவது அலமாரி மேலிருந்து விழும் பொருளால்தான். குடியேறும் நாளிலேயே உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்கிவிடுங்கள். வாடகை வீடென்றால் துளையிடும் முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுனாமிக்கு அதிகம் பயப்பட வேண்டியதில்லை. மேற்கே சுமத்ராவும் வடக்கே மலாய்த் தீபகற்பமும் மறைப்பாக நிற்கின்றன. 2004-இல் சிங்கப்பூரை அலை தாக்கவில்லை. திறந்திருக்கும் பக்கம் தென்சீனக் கடல். பிலிப்பீன்ஸுக்கு மேற்கே உள்ள மணிலா அகழியில் பெரிதாக உடைந்தால் அலை வந்துசேரப் பல மணி நேரமாகும், எச்சரிக்கைக்கு அவகாசம் இருக்கும்.

புயல் விஷயத்தில் பாடநூல் கணக்கே ஒருமுறை பொய்த்திருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாகாது, பூமிச் சுழற்சி தரும் திருப்பம் அங்கே போதாது என்பது பொது விதி. 2001 டிசம்பர் 27 அன்று ஏறக்குறைய 1.5 பாகை வடக்கில் 'வாமேய்' உருவாகி, சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் ஜோகூரில் கரையேறியது. வடகிழக்குப் பருவக்காற்று நாள்கணக்கில் தென்சீனக் கடலின் குறுகிய வழியில் நெருக்கியடித்து வீசியதும், போர்னியோ பக்கச் சுழல் நகர்ந்துவந்து அதில் சிக்கியதும் சேர்ந்து செய்த வேலை. மிக அரிது, ஆனால் நடந்தது. அடிக்கடி வருவது 'சுமத்ரா' என்றே அழைக்கப்படும் விடியற்காலைச் சூறைக்காற்று. அதில் மரம் சாயும், மாடத்தில் வைத்த பூந்தொட்டி கீழே விழும். பதினெட்டாம் மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும். வெளிவிளிம்பில் எதையும் வைக்காதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காமல்விட்ட மழை. என் பார்வையில் அங்கே முதல் இடம் இதற்குத்தான். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மி.மீ. கொட்டியது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. 2010 ஜூன் 16 காலை சுமார் மூன்று மணி நேரத்தில் 100 மி.மீ. பெய்து ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம். அதற்குப் பிறகு தாவரவியல் பூங்கா அருகே 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியும், 2 கி.மீ. திசைதிருப்புக் கால்வாயும் கட்டி 2018-இல் முடித்தார்கள்.

கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே வேளையில் வருவதுதான் மோசம். ஆற்று முகத்தில் கடல்நீரைத் தடுத்து நிற்கும் மரினா அணைக்கட்டில், கடல் இறங்கியிருந்தால் மதகைத் திறந்தாலே மழைநீர் ஓடிவிடும். கடல் ஏறியிருந்தால் மதகைத் திறக்க முடியாது, ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும் ஏழு பம்புகள்தான் வேலை செய்ய வேண்டும். நாட்டின் கிட்டத்தட்ட 30% நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. கடல்மட்டம் உயர உயர இந்தக் கணக்கு இறுகிக்கொண்டே போகும்.

"நூறாண்டுக்கு ஒருமுறை" மழை என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்று வந்தால் இன்னும் நூறாண்டு வராது என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். 30 ஆண்டு குடியிருந்தால் ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு 26%, அதாவது நாலில் ஒன்று.

பதினெட்டாம் மாடியில் வீட்டுக்குள் வெள்ளம் வராது. ஆனால் உங்கள் காரும் மின்தூக்கியின் அடித்தளமும் கீழேதான் இருக்கின்றன. வீடு பார்க்கப் போகும்போது நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தின் வாயிலைக் கவனியுங்கள்: சாலை மட்டத்திலிருந்து நேராகச் சரிகிறதா, ஒரு மேடு ஏறி இறங்குகிறதா? மேடு இருந்தால் நல்லது. தண்ணீர் புகத் தொடங்கிய நிலத்தடிக்கு வண்டியை எடுக்க இறங்கவே கூடாது. ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். நாட்டின் நீர்த்துறை அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கைகளைக் கைப்பேசியில் பெற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

புகைமூட்டத்துக்கு மட்டும் முன்கூட்டியே தயாராகுங்கள், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் கட்டாயம். இந்தோனேசியாவில் காடும் கரிமண் நிலமும் எரியும் ஆண்டுகளில் வரும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது, 300-ஐத் தாண்டினாலே அபாயகரம். அந்த வாரம் முகக்கவசத்துக்குக் கடைகளில் தட்டுப்பாடு. ஆளுக்குப் பத்து என்95 வாங்கி வையுங்கள், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று படுக்கையறைக்குப் போதும்.

கடைசியாகக் காப்பீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளுக்கான தீக்காப்பீடு கட்டட அமைப்பையும் கழகம் பொருத்திக் கொடுத்ததையும் மட்டுமே ஈடுசெய்யும். உங்கள் கட்டில், கணினி, குளிர்பெட்டி எதுவும் அதில் வராது. உடைமைக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது வெள்ளம், நிலநடுக்கம் இரண்டும் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதா, அவற்றுக்கு நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.