ஹெட்போனில் கேட்கிறது, மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்கவில்லை: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

மடிக்கணினி ஸ்பீக்கரில் ஒலி வராததால் மதர்போர்டை, அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையை, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஹெட்போன் மாட்டினால் தெளிவாகக் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் போர்டில் உள்ள ஆடியோ சிப் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ஒலி ஸ்பீக்கருக்குப் போகும் வழியில்தான் எங்கோ தடைபடுகிறது.

ஒலி வெளியேறும் இடம் (அவுட்புட்) எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த மானிட்டருக்கோ புளூடூத்துக்கோ மாறியிருக்கிறதா, வால்யூம் மிக்சரில் ஏதாவது செயலி மியூட்டில் இருக்கிறதா என்பதையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஆடியோ டிரைவரை (ஒலிப் பாகத்தை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி தொடங்கிப் பார்ப்பதையும் செய்திருப்பீர்கள்.

இதே சிக்கல் என் தங்கையின் மடிக்கணினிக்கும் வந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அடிமூடியைக்கூடக் கழற்றாமல் போர்டு போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை வாங்கிப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: எதுவும் செருகப்படாத நிலையிலும் சவுண்ட் செட்டிங்ஸில் 'ஹெட்போன்ஸ்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போன் செருகும் துளையான 3.5 மி.மீ. ஜாக்கின் உள்ளே, ஹெட்போன் பின் நுழைந்ததை உணர்வதற்கென்று ஒரு சிறிய தொடுமுனை உண்டு. அது தரும் தகவலை வைத்துத்தான் டிரைவர் ஸ்பீக்கரை அடக்கிவிட்டு ஒலியை ஹெட்போனுக்குத் திருப்புகிறது. அந்தத் தொடுமுனை தூசியாலோ வளைந்துபோனதாலோ அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே கணினி நம்பிக்கொண்டிருக்கும்.

ஊகத்தை உறுதிசெய்ய, பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலேயே இயக்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், ஒலி அளவுகளை மாற்றும் ஆல்சாமிக்சர் என்ற கருவியைத் திறந்தேன். ஹெட்போன் மாட்டியதும் ஸ்பீக்கரைத் தானாக அடக்கும் 'ஆட்டோ மியூட் மோட்' என்றொரு அமைப்பு அதில் இருந்தது. அதை அணைத்து, ஸ்பீக்கரின் அளவை உயர்த்திய மறுகணமே, ஊமையாகக் கிடந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடின. பிறகு கணினியை அணைத்துவிட்டு, ஜாக்கின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பையில் போட்டு எடுத்துப் போனதில் சேர்ந்த பஞ்சுத்தூசி அடியில் அழுந்திக் கிடந்தது. காற்றுக் குப்பியால் விட்டுவிட்டு ஊதி, ஹெட்போன் பின்னைச் சில முறை செருகி எடுத்தபின், விண்டோஸில் 'ஸ்பீக்கர்ஸ்' என்ற பெயர் திரும்பி வந்தது. தயவுசெய்து ஊசியையோ குண்டூசியையோ உள்ளே விடாதீர்கள்; தொடுமுனை வளைந்துவிட்டால் பிறகு ஜாக்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாப் பழுதும் தூசிதான் என்று நான் சொல்லவில்லை. புதிய மாடல்கள் சிலவற்றில் லினக்ஸுக்கு ஏற்ற ஆடியோ டிரைவர் இருக்காது. அதனால் அங்கே ஒலி வராவிட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது, ஒலி வந்தால் மட்டுமே அது ஸ்பீக்கர் நன்றாக இருப்பதற்குச் சான்று. பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்பதும் என் கருத்தல்ல. ஆனால் எந்தப் பாகம் பழுது, அது எந்தச் சோதனையில் தெரிந்தது என்று ஒரு வரி எழுதித் தரக் கேட்டபோது, என் தங்கையின் கணினியைப் பார்த்த கடைக்காரர்கள் அதை எழுதித் தர மறுத்தார்கள். காரணத்தை எழுத முடியாத பழுதுக்குக் கட்டணம் மட்டும் எழுத முடிகிறது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

உங்கள் கணினியில் 'ஸ்பீக்கர்ஸ்' என்று சரியாகவே காட்டியும் ஒலி வரவில்லை என்றால், அடிமூடியைத் திறக்கத்தான் வேண்டும். வாரண்டி இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள். திறப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரின் மெல்லிய வயர் போர்டில் செருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அது தளர்ந்திருப்பதும் உண்டு. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால், நல்ல ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 அல்லது 8 ஓமுக்கு அருகில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும். வயரும் சுருளும் நன்றாக இருந்தால்தான் போர்டில் உள்ள, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பகுதியைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அப்போதும் முழு போர்டையும் மாற்றச் சம்மதிக்கும் முன், சிப் லெவல் வேலை (போர்டில் கெட்ட சிப்பை மட்டும் மாற்றும் வேலை) தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.