பட்டன் தேயவில்லை, ஆனால் டயருக்கு வயதாகிவிட்டதே? ஸ்போர்ட்ஸ் கார் டயர் கேள்வி பதில்

கேள்வி: என் போர்ஷே 911 கார் வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. டயருக்கு 8 வயது, பட்டன் (சாலையில் படுகிற மேடுபள்ளக் கட்டைகள்) புதுசு மாதிரியே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். பட்டனைப் பார்த்து முடிவெடுப்பது தினமும் ஓடுகிற காருக்குச் சரி, அதில் வயதாவதற்குள் டயர் தேய்ந்துவிடும். உங்கள் காரில் நடப்பது நேர்மாறு. ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வரும், மென்மையான ரப்பர் சாலையின் சொரசொரப்பில் பதிவதால்தான் பிடிப்பே கிடைக்கிறது, அது இறுகிய பிறகு 6 மில்லிமீட்டர் பட்டன் இருந்து என்ன பயன்? ஈரச் சாலையில்தான் வித்தியாசம் முதலில் தெரியும். அப்புறம், ஓசோனால் வெடிப்பு விழாமல் இருக்க ரப்பரில் மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை நன்றாக மேலே கசிந்து வரும், அதனால் நின்றே கிடக்கிற காருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

கேள்வி: 10 வருடம் வரை ஓட்டலாம் என்கிறார்களே சார்?

பதில்: மிஷெலின் சொல்வது இது: போட்டு 5 வருடம் ஆனபின் வருடம் ஒருமுறை பரிசோதியுங்கள், தயாரான தேதியிலிருந்து 10 வருடம் ஆகிவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். அந்த 10 உச்ச வரம்பு, அதுவரை தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பல கார் நிறுவனங்கள் 6 என்கின்றன, 500 குதிரைத்திறன் உள்ள காருக்கு நானும் 6-ஐத் தாண்ட விடமாட்டேன். 2013-இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் அந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்களுக்கு 9 வயது. முதன்மைக் காரணம் அதிவேகம்தான், ஆனால் பழைய டயர் காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணையிலும் சொன்னார்கள். அந்தக் காரை ஓட்டிய அவர் நண்பர் அனுபவமுள்ள பந்தய ஓட்டுநர் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

கேள்வி: தயாரான தேதி எங்கே இருக்கும்? தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

பதில்: டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி 4 இலக்கங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பல டயர்களில் தேதி ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள்பக்கமாகப் போயிருக்கலாம், காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். 3 இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் ஓட்டவே வேண்டாம்.

கேள்வி: வெடிப்பு எதுவும் இல்லை, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது. இது போதாதா?

பதில்: போதாது. ரப்பரின் கடினத்தை அளக்க டூரோமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது, அதை வைத்து அதே மாடல் புது டயரோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். வெடிப்பைப் பக்கவாட்டில் மட்டும் தேடாதீர்கள், பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளத்தின் அடியிலும் பாருங்கள். எங்கேயாவது புடைத்திருந்தால் அன்றைக்கே கழற்ற வேண்டியதுதான்.

கேள்வி: பின் டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது, முன் டயருக்கு 5 வயது. இரண்டு மட்டும் மாற்றலாமா அண்ணா?

பதில்: நான்கையும் மாற்றுங்கள் தம்பி. பின்னால் புது ரப்பர் நன்றாகப் பிடிக்கும், முன்னால் இறுகியது வழுக்கும், வளைவில் கார் திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். நாலு சக்கர டிரைவ் என்றால் முன், பின் சுற்றளவு வித்தியாசமும் டிரைவ்டிரெயினுக்கு (இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) தொல்லை.

கேள்வி: பந்தய டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் 6 வருடம்தானா?

பதில்: இல்லை, அங்கே வருடக் கணக்கே உதவாது. ஒவ்வொரு முறை நன்றாகச் சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும், அரை ஸ்லிக் டயர் (பள்ளங்கள் மிகக் குறைவாக உள்ள டிராக் டயர்) ஒரே சீசனில்கூடப் போய்விடலாம். டயர் அழுத்தத்தையும் லேப் நேரத்தையும் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) எழுதி வையுங்கள், ஓட்டும் விதம் மாறாமல் நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனால் டயரைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கடையில் 4 வருடம் சும்மா இருந்த டயரைத் தள்ளுபடியில் தருகிறார்கள்.

பதில்: இருட்டான, குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால் மெதுவாகத்தான் வயதாகியிருக்கும், ஆனாலும் உங்கள் 6-இல் 4 போய்விட்டது. நான் வாங்கமாட்டேன்.