நிலவியல் படித்தால் வேலை கிடைக்குமா? பெரியபட்டினத்து அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. நிலவியல்தான் வேண்டும் என்கிறாள், "கல்லையும் மண்ணையும் படிச்சு என்ன செய்யப் போற" என்று அவள் அப்பா கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தப் படிப்புக்கு உங்கள் கடற்கரை ஊரிலேயே வேலை இருக்கிறது.

கடற்கரை மணல்மேட்டில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர். பக்கத்திலேயே ஆழமாகப் போர் போட்டால் உப்பு. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து அந்த நன்னீர் மட்டத்தை அரை மீட்டர் இறக்கிவிட்டால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 20 மீட்டர் மேலே வந்துவிடும். உப்பை மேலே இழுத்தபின் வருந்திப் பயனில்லை. அதனால்தான் அரசு தன் செலவில் ஆய்வு நடத்துகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டம் பார்க்கிறது. தமிழ்நாட்டில் பகுதி வாரியாகக் கணக்கெடுத்து, எது பாதுகாப்பானது, எது அளவுமீறி உறிஞ்சப்பட்டது, எது உப்பானது என்று பிரிக்கிறார்கள். ஒரு கம்பெனி தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டால் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

இந்த ஆய்வுகளுக்கு நிலவியல் படித்தவர்கள்தான் தேவை. சரி, அந்த வேலைக்கு எப்படிப் போவது என்று பார்ப்போம். பி.எஸ்சி. மட்டும் போதாது, முதுகலை கட்டாயம். யு.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு மூலம் அந்த வாரியத்துக்கே விஞ்ஞானியாகப் போகலாம். வயது வரம்பு 32, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு கூடுதல். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி நிலவியலாளர் பணி உண்டு. இடங்கள் குறைவு, அறிவிப்பும் எல்லா ஆண்டும் வருவதில்லை. இதை மகளிடம் மறைக்காதீர்கள். படிக்கும்போதே கணினியில் நிலத்தகவல்களை வரைபடமாக்கும் ஜி.ஐ.எஸ். மென்பொருளும் நீர்ப் பரிசோதனையும் கற்றுக்கொள்ளட்டும். அரசு வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் தனியார் ஆலோசனை நிறுவனங்களில் அதுதான் சோறு போடும்.

பெண் பிள்ளை வெயிலில் ஊர் ஊராகப் போவாளா என்று கேட்டிருந்தீர்கள். போகத்தான் வேண்டும், அந்த வேலையின் பாதி அதுதான். குடத்தோடு ஊற்றுக்கு நடந்து வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதில்லை என்று நம்புகிறேன். எந்தக் கிணறு எந்த மாதம் உப்பாகும் என்று அவளுக்கு இப்போதே தெரியும், அதை நான் பெரிய தகுதியாகவே பார்க்கிறேன்.

பக்கத்தில் என்றால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் இருக்கிறது. அப்புறம் முதுகலைக்கான நுழைவுத் தேர்வான ஜாமில் நிலவியலுக்குத் தனித்தாள் உண்டு, தேறினால் ஐ.ஐ.டி.யில் முதுகலை. விண்ணப்பம் போடும் முன் அவள் அப்பாவையும் ஒருநாள் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.