பழந்துணித் தொழில்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை நகரில் மகளிர் தையல் குழுவொன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பழந்துணியையும் ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளையும் கொண்டு குழுவாகத் தொழில் செய்வது பற்றி வந்த கேள்விகளில், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மீள்சுழற்சி, மேல்சுழற்சி, சுழற்சிப் பொருளாதாரம் என்று பல சொற்களைக் கேட்கிறோம். இவற்றுக்கிடையே என்ன வேறுபாடு? (உவர்மலை)

மீள்சுழற்சியில் துணி கிழிக்கப்பட்டு மறுபடியும் நாராகிறது. கிழிபடும்போது பருத்தி நார் குறுகிவிடுவதால், புதிய நாருடன் கலந்தால்தான் அதிலிருந்து உறுதியான நூல் கிடைக்கும். மேல்சுழற்சியில் துணி துணியாகவே இருக்கிறது, ஆனால் முன்னையதைவிடக் கூடிய மதிப்புள்ள பொருளாகிறது. ஆடை உற்பத்திக்குச் செல்லும் மூலப்பொருளில் 1 வீதத்துக்கும் குறைவானதே மீண்டும் ஆடையாகிறது என்று, சுழற்சிப் பொருளாதாரத்தை ஊக்குவிக்கும் எலன் மக்கார்தர் அறக்கட்டளை 2017 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஒரு பொருளை வீசாமல் இயன்றவரை பயன்பாட்டிலேயே வைத்திருப்பதுதான் சுழற்சிப் பொருளாதாரம். அம்மம்மாவின் நூல்சேலை முதலில் ஏணையாகும், பிறகு பிள்ளைத்துணியாகும், கடைசியில் அடுப்படியில் பானை இறக்கும் துணியாகும். அப்பப்பாவின் பழைய வேட்டி விளக்குத் திரியாகும். அவை பருத்தி என்பதாலேயே இவ்வளவு தூரம் வந்தன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பொலியெஸ்ரர் சேலை ஈரத்தை உறிஞ்சாது, திரியாகவும் எரியாது, உருகித்தான் வடியும்.

எங்கள் மாதர் சங்கத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். நான்கு தையல் மெசின்கள் உள்ளன. எதிலிருந்து தொடங்கலாம், அக்கா? (கிண்ணியா)

மெசினை ஒரு மாதத்துக்கு மூடியே வையுங்கள், தங்கச்சி. இத்தகைய குழுக்கள் தையல் தெரியாததால் படுத்துப்போவதை நான் கண்டதில்லை. துணியைத் தரம்பிரிக்காததாலும், வாங்குபவர் யார் என்று தெரியாமலே தைத்துக் குவித்ததாலும் படுத்தவற்றையே கண்டிருக்கிறேன்.

எங்கள் முதலாவது ஆண்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து இருபது சாக்கு வெட்டுத்துண்டுகள் இலவசமாகக் கிடைத்தன. இலவசம் என்ற மகிழ்ச்சியில் பிரித்துக்கூடப் பாராமல் தாழ்வாரத்தில் அடுக்கினோம். அது கார்த்திகை மாதம். வாடைக்காற்று மழை ஓய்ந்து சாக்குகளை அவிழ்த்தபோது பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது, மிகுதியிலும் பெரும்பகுதி கையகலம்கூட இல்லாத துண்டுகளாக இருந்தது. அவற்றை ஏற்றி அப்புறப்படுத்த லொறிக் கூலியை நாங்களே கொடுத்தோம்.

ஆகவே துணி வந்த அன்றே தரம்பிரியுங்கள். தையலோரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, இடுக்கியால் பிடித்து, மெழுகுதிரிச் சுடரில் காட்டிப் பாருங்கள். பருத்தியானால் கடதாசி எரியும் மணத்துடன் எரிந்து, தொட்டவுடன் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்ரரானால் சுருங்கி, கரும்புகை விட்டு, ஆறியதும் கடுகுபோலக் கெட்டியான மணியாகிவிடும். இரண்டும் கலந்த துணியின் சாம்பலை ஆறவிட்டு விரல்களுக்கிடையில் தேய்த்தால் மணல்போல நெறுநெறுக்கும். எங்கள் குழுவில் இந்தச் சோதனையை மிகச் சரியாகச் செய்பவர், தையலே தெரியாத ஓர் ஆச்சி.

பிரித்தபின் பயன்பாடு தானாகவே விளங்கிவிடும். உறிஞ்சும் பருத்தி, கைதுடைக்கும் துணிக்கும் படகு எஞ்சின் திருத்துபவர்களுக்கும் உதவும். ரீசேட் துணியை ஓரங்குல நாடாக்களாக வெட்டி இழுத்தால் ஓரம் சுருண்டு தடித்த நூல்போலாகி, கால்மிதி பின்ன ஏற்றதாகும்.

ஹோட்டலில் கழிக்கப்படும் வெள்ளை விரிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றால் பயன் உண்டா? (நிலாவெளி)

எனக்குக் கிடைத்த மூலப்பொருட்களில் அதையே சிறந்தது என்பேன், ஏனெனில் ஒரே நிறம், ஒரே அகலம், ஒரே தரம் என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கும். உடல் படும் நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மெலிந்திருப்பது தெரியும். அதை விட்டு இரு ஓரங்களையும் வெட்டி எடுங்கள். சாயமிட எண்ணினால் பருத்தியா கலப்பா என்று முன்பே பாருங்கள், பருத்திச் சாயம் பொலியெஸ்ரரில் ஏறாததால் கலப்புத்துணி வெளிறியே நிற்கும்.

விரிப்பைத் தந்த ஹோட்டலிடமே அதை அழுக்குத்துணிப் பையாகவும் செருப்புப் பையாகவும் தைத்து விற்கலாம். சித்திரையில் சுற்றுலாப் பருவம் தொடங்குகிறது. ஆகையால் மாதிரிகளைத் தை மாதத்திலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆடைத் தொழிற்சாலைகள் வெட்டுத்துண்டுகளைக் கேட்டாலும் தர மறுக்கின்றனவே? (தம்பலகாமம்)

அது எப்போதும் மனமில்லாமையால் அல்ல. ஏற்றுமதி ஆடைக்கான துணி பெரும்பாலும் வரி விலக்குடன் இறக்குமதியாவதால், கழிவாக வெளியே விடுவதற்கும் அனுமதி தேவைப்படுகிறது. தமது வணிகப் பெயர் பொறித்த துண்டுகள் சந்தையில் உலவுவதை வாங்கும் நிறுவனங்களும் விரும்புவதில்லை. சங்கத்தின் பதிவிலக்கத்துடன், என்ன அளவுத் துண்டு, மாதம் எத்தனை கிலோ, பெயர்ப்பட்டிகளை எவ்வாறு அழிப்பீர்கள் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்பவரைவிடக் கடிதத்துடன் வருபவருக்கு அங்கே பதில் சொல்வது எளிது.

ஒட்டுத்துணிப் பைக்கு 1,500 ரூபா என்றால், பழந்துணிக்கு இவ்வளவா என்று கேட்கிறார்கள். (சம்பூர்)

துணிக்கு நீங்கள் விலை சொல்லவில்லை. துவைத்தல், பிரித்தல், தேய்த்தல், துண்டுகளை இணைத்தல் என்று அந்தப் பைக்கு மூன்று மணி நேரமாவது போயிருக்கும். நூல், சிப், உட்துணி, மின்சாரம் வேறு. நேரத்தைக் கணக்கில் சேர்க்காத குழுவில் பெண்கள் ஆறு மாதத்தில் விலகிவிடுகிறார்கள், அதில் அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையைக் குறைக்க வேண்டுமானால் வேலையைக் குறையுங்கள்: சிறு துண்டுகளைத் தவிர்த்து, பெரிய துண்டுகளில் நேர்தையலாகத் தையுங்கள்.

எதற்கும் உதவாத பொலியெஸ்ரர் துண்டுகளை எரிக்கலாமா? (மூதூர்)

எரிக்க வேண்டாம், அது பிளாஸ்ரிக்கை எரிப்பதற்குச் சமம். புதைத்தாலும் உக்காது. பொடியாக வெட்டி இருக்கை மெத்தைகளுக்குள் அடைக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் எஞ்சுவதை உள்ளூராட்சி மன்றக் குப்பை வண்டியில்தான் போட வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவிலிருந்தும் மாதம் ஒரு சாக்கு அப்படிப் போகிறது, அதையும் நிறுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டே அனுப்புகிறோம்.