ஏஐ வந்தாச்சு, இனிமேலும் நம்ம ஐடி துறை நாட்டுப் பொருளாதாரத்துக்குக் கை கொடுக்குமா?

கொடுக்கும், ஆனா ஆள் எடுக்குறது பழைய மாதிரி இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஏன்னா நம்ம கம்பெனிங்க இத்தனை வருஷமா பெரும்பாலும் தலைக்கு இவ்வளவுன்னு பில் போட்டுத்தான் சம்பாதிச்சாங்க, அமெரிக்கா ப்ராஜெக்ட்டுக்கு நூறு பேர்னா அதுல நிறைய பேர் காலேஜ் முடிச்சு வந்த பசங்க, அவங்க பண்ற டெஸ்டிங், சின்னச் சின்ன கோடிங் இதையெல்லாம் ஏஐ பண்ண ஆரம்பிச்சா கிளையன்ட் எதுக்கு நூறு பேருக்குக் காசு குடுப்பான்?

2025 ஜூலைல டாடாவோட ஐடி கம்பெனியான டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா சொன்னாங்க. ஏஐ காரணம் இல்ல, தேவையான திறமைக்கும் ஆளுக்கும் பொருந்தலன்னு அவங்க விளக்கம். எனக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொடர்புள்ளதாத்தான் படுது.

2023-24ல இந்தத் துறைல சுமார் 54 லட்சம் பேர், வருமானம் 25,000 கோடி டாலருக்கு மேல. கச்சா எண்ணெய் வாங்குற டாலர்ல பெரிய பங்கு இதுலேர்ந்துதான் வருது. சென்னைல ஐடி ஆபீஸ்கள் நிறைஞ்ச ஓஎம்ஆர் ரோட்டுல நாவலூர், சோழிங்கநல்லூர் பக்கம் ஹாஸ்டல், மெஸ், கேப் டிரைவர்னு எத்தனை குடும்பம் இத நம்பி இருக்கு, அந்தக் கவலைதான் எனக்கு அதிகம்.

நம்பிக்கை தர்ற விஷயம், வெளிநாட்டு பேங்க், கார் கம்பெனி மாதிரி நிறுவனங்க இங்க சொந்தமா திறந்த ஆபீஸ்கள், 2023-24ல 1,700க்கு மேல இருந்துச்சு, சுமார் 19 லட்சம் பேர் வேலை பாத்தாங்க. அங்க டிசைன், ஆராய்ச்சின்னு கொஞ்சம் ஆழமான வேலையும் நடக்குது, படிக்கிற பசங்க அதக் குறி வைக்கலாம்.